செவர்லே இறக்கிவிட்டவர்கள்

அன்றைக்குப் போடியில் காஜா ராவுத்தர் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பட்டறைக்காரர் காஜா மைதீன் ராவுத்தர் ஒருவர். காருக்குச் சொந்தக்காரி ஒச்சம்மா ஒருத்தி. "பொம்பள ஒத்தையில போயி இன்ஜின் பாக்குறதாக்கும்" என்று கூடவே கிளம்பி வந்த அவளுடைய நாத்தனார் காமாயி ஒருத்தி. எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்து, யார் வீட்டில் எது நடந்தாலும் தூக்குவாளியில் டீயோடு வந்து நிற்கிற சுருளி ஒருவன். மூணாறில் ஓட்டல் வைத்திருந்த ஜோஸ் ஒருவன். ஓட்டல் வாசலில் நிறுத்த அவனுக்குப் பழைய அமெரிக்கக் கார் ஒன்று வேண்டியிருந்தது, ஓடினால்தான் வாங்குவேன் என்று சொல்லியிருந்தான். ஆறாவது ஆள் மொக்கச்சாமி. மலைக்குப் போகிற கார்களுக்கு ஸ்டாண்டில் நின்று ஆள் கூவி ஏற்றிவிடுவதையே வேலையாகக் கொண்டிருந்தவர். கார்கள் போய் ஜீப்புகள் வந்த பிறகும் ஸ்டாண்டை விடாதவர். காமாயி காவு கொடுக்கக் கொண்டுவந்த சேவலும் ஒன்று இருந்தது, அது ஆள் கணக்கில் வராது.

நாற்பத்தெட்டாம் வருஷத்துச் செவர்லே அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒச்சம்மாவின் புருஷன் தவசி, ஏலத்தோட்டத்து முதலாளி ஒருவரிடமிருந்து அதை வாங்கி, போடியிலிருந்து போடிமெட்டுக்கு மலைப்பாதையில் வாடகைக்கு ஓட்டினான். தோட்டத்துக் கங்காணிகளையும், ஏலக்காய் வியாபாரிகளையும், பிரசவத்துக்குக் கீழே இறங்கும் பெண்களையும், சந்தைக்குப் போய்த் திரும்பும் சனங்களையும் ஏற்றினான். தன் காரின் ஸ்டியரிங்கை வேறு எந்த மனிதனும் தொட அவன் விட்டதில்லை. கடைசியாக அந்தக் கார் ஓடியது தேனி ஆஸ்பத்திரிக்கு. தவசியும் ஒச்சம்மாவும் போனார்கள். திரும்பியது ஒச்சம்மா மட்டும். காரை ராவுத்தர் பிறகு போய், லாரியின் பின்னால் கட்டி இழுத்துவந்து, அவள் வீட்டுக் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போனார். அது நின்று இருபத்தேழு வருஷம்.

இன்ஜினைக் காரிலிருந்து இறக்கி, மரக்கட்டைகள் மேல் உட்கார்த்தி, வேப்பங்கிளையில் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, டிரம்மிலிருந்து தண்ணீருக்கு ஒரு குழாய் மாட்டி, ராவுத்தர் பிஸ்மி சொல்லி ஹேண்டிலைச் சுற்றினார். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் ஓடியது. காமாயி சேவலின் கழுத்தைப் பிடித்தாள். அந்த நேரத்தில்தான், பட்டறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார் ஸ்டாண்டிலிருந்து, "என்னப்பா, வண்டி கெளம்பலையா?" என்று ஒரு குரல் வந்தது. மொக்கச்சாமி திரும்பிப் பார்த்து, "ரெங்கசாமிக் கணக்கப்பிள்ளைல்ல நிக்கிறாரு" என்றார்.

ரெங்கசாமி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர், செத்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மடக்கிய குடையும் தோல்பையுமாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஏலக்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த சாகுல், இரண்டு தங்கப்பல்லும் தெரியச் சிரித்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, அவளுடைய மாமியார், சம்மட்டியோடு ஒரு கல்லுடைப்பவர். ஐந்து பேர். ஐந்து பேரும் செத்தவர்கள். அந்தக் காரில் கடைசியாக ஏறிய நாளில் எப்படி இருந்தார்களோ அதே வயதில், அதே துணியில், சட்டையில் அதே வேர்வையோடு நின்றார்கள். சுருளி போய் ஐந்து பேருக்கும் டீ ஊற்றினான். ரெங்கசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் தண்ணியா இருக்கே" என்றார். "அது உயிரோட இருக்குறவகளுக்கும் அப்படித்தான் அய்யா" என்றான் சுருளி.

ஒச்சம்மா யாரையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவுக எங்க?" என்று கேட்டாள்.

"தவசியா? வண்டியத் திருப்பப் போயிருக்காப்ல. இந்தா வந்துருவாப்ல" என்றார் ரெங்கசாமி.

அதற்குள் இன்ஜின் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. ராவுத்தர் நிறுத்தினார். வந்தவர்கள் நின்றபடியே நின்றார்கள். தவசி வரவில்லை. ஜோஸ் அன்று சாயங்காலமே மலையேறிப் போய்விட்டான். பிறகு ஒருநாள் போன் பண்ணி, காரை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டான். ஒச்சம்மா, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். சேவல் பிழைத்தது.

அதன் பிறகு அவள் தினமும் இன்ஜினை ஓட்டச் சொன்னாள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு சவாரி வந்து ஸ்டாண்டில் இறங்கியது. பழைய சவாரி முதலில், புதியது பிறகு என்று வரிசை தப்பாமல் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் இரண்டாம் முறையாக வந்து நிற்கவில்லை. செத்தவர்கள் மட்டுமே வந்தார்கள். ஒவ்வொரு சவாரியிடமும் ஒச்சம்மா அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு சவாரியும், தவசி வண்டியைத் திருப்பப் போயிருக்கிறான், பின்னால் வருகிறான் என்றே சொன்னது.

ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது, வெளியூர்ச் சொந்தம் சொல்லாமல் வந்து இறங்கினால் ஏற்றுக்கொள்கிற மாதிரி. முதலில் முகம் மலர்ந்து, பிறகு பாய் தேடி, பிறகு எப்போது கிளம்புவார்கள் என்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு. ரெங்கசாமியை அவருடைய மகன் வந்து கூட்டிப்போனான். மகனுக்கு எழுபது, அப்பாவுக்கு நாற்பத்தாறு. தெருவில் போகும்போது யார் யாருக்குக் கை கொடுத்து நடத்துவது என்று தெரியாமல் இருவரும் சாக்கடைப் பக்கமாகத் தடுமாறினார்கள். வீட்டுக்குப் போனதும் ரெங்கசாமி முதல் வேலையாக மகனின் பீடிக் கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். சாகுலின் பெண்டாட்டிக்கு எழுபத்துநாலு வயது. வாசலில் நின்ற முப்பது வயதுப் புருஷனைப் பார்த்தாள். அவர், "பாட்டி, ஆயிஷா இருக்காளா?" என்று கேட்டார். அவள், "இல்ல, வெளிய போயிருக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாகுல் அன்று ராத்திரியே ஸ்டாண்டுக்குத் திரும்பி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

ஒரு வீட்டில், வந்த ஒருவரை, மாலை போட்டுச் சிவப்புப் பல்பு எரியும் அவருடைய படத்துக்குக் கீழேயே இலை போட்டு உட்காரவைத்தார்கள், வேறு இடம் இல்லை. அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்து, "இம்புட்டுக் கருப்பாவா இருந்தேன்?" என்று கேட்டார். கருமாதி முடிந்தவர்களுக்கு இனியும் அமாவாசைச் சோறு வைக்க வேண்டுமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆளே அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது காக்காவுக்குத் தனியாக எதற்கு என்று முடிவானது. காக்காய்கள் சில நாள் கூரையில் வந்து கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

வந்தவர்கள் தொந்தரவு செய்யவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார்கள், பசித்துச் சாப்பிடவில்லை. படுக்கச் சொன்னால் படுத்தார்கள், தூங்கவில்லை. ஆனால் கையிலிருந்த பையை மட்டும் கீழே வைக்கவே இல்லை. எந்த வீட்டில், எந்தத் திசை பார்த்து உட்காரவைத்தாலும் கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் திரும்பிவிட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில், "வண்டி எப்ப?" என்று ஒரு தரம் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். பெற்ற பிள்ளை அழுதுகொண்டு காலைக் கட்டிக்கொண்டாலும், தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அதையேதான் கேட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு இதுதான் தாங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஸ்டாண்டுக்குத் திரும்பினார்கள்; போகாதே என்று ஒன்றிரண்டு பேர்தான் சொன்னார்கள். ஜீப் டிரைவர்கள் இரக்கப்பட்டு அவர்களை ஏற்றிப் பார்த்தார்கள். மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் ஜீப் காலியாக இருந்தது, ஆட்கள் ஸ்டாண்டில் இருந்தார்கள். அவர்கள் ஏறியது தவசியின் செவர்லேயில். அது ஒன்றுதான் அவர்களைக் கொண்டுபோக முடியும்.

இப்படி நாற்பத்துமூன்று பேர் வந்த பிறகு இன்ஜின் பிடிவாதம் பண்ணியது. ராவுத்தர் அடிப்பாகத்தைக் கழற்றி ஒச்சம்மாவிடம் காட்டினார்.

"இங்க பாரு தங்கச்சி. இது பழைய ஏற்பாடு. இந்தக் கரண்டி மாதிரி இருக்குல்ல, இதுதான் எண்ணெயை அள்ளி மேல வீசும். வீசுனது விழுந்த எடத்துல விழும், விழாத எடம் காயும். பேரிங்கெல்லாம் ஈயம், உருகிப்போச்சு. அஞ்சு நிமிசத்துக்கு மேல இது ஓடாது."

"எம்புட்டு நேரம் ஓடுனா எல்லாச் சவாரியும் வரும்ணே?"

"பாதி நாளாவது ஓடணும்."

"ஓட வைங்க."

ராவுத்தர் தாடியைச் சொறிந்தார். மனிதருக்குச் செய்யவும் ஆசை, சொல்லவும் பயம். "கிராங்கைத் தேச்சு, புது பேரிங் போட்டு, எண்ணெயப் பம்பு வச்சு எல்லா எடத்துக்கும் தள்ளுற மாதிரி மாத்திரலாம். அது பெரிசில்ல. பிஸ்டன் ஆறும் தேஞ்சு ஆட்டங்குடுக்குது. இந்த அளவுக்குப் பிஸ்டன் எங்கயும் கெடைக்காது. லாரி பிஸ்டன்தான் போடணும், அதுக்கு சிலிண்டர அகலமாக் குடையணும். சிலிண்டர் ஆறும் இருக்குற இந்தப் பிளாக்கு ஏற்கெனவே ஒருதடவ குடைஞ்சது. இன்னொருதடவ குடைஞ்சா சுவரு கோழிமுட்ட ஓடு மாதிரி ஆயிரும்."

"ஒடஞ்சுருமா?"

"நின்ன எடத்துல ஓடுனா ஒண்ணும் ஆகாது. மலையேத்துனா சொல்ல முடியாது. வேற பிளாக்கு தேடுவமா? ஆறு மாசம் பொறுத்தா கோயமுத்தூருல..."

"வேற பிளாக்குல அவுக எப்படிண்ணே வருவாக? அவுக ஓட்டுனது இதத்தான். நாம மலையேறவா போறம்? நின்ன எடத்துல ஓடுனாப் போதும். கொடைங்க."

காமாயி பக்கத்திலிருந்து, "ஸ்டாண்டுல நாப்பத்துமூணு பேரு மலைக்குப் போகணும்னு நிக்கிறாகளே மதினி" என்றாள்.

"அவுகளுக்கு என்ன, செத்தவகதான? பொறுப்பாக" என்றாள் ஒச்சம்மா. அவள் அதற்கு முன் யாரையும் அப்படிப் பேசியவள் இல்லை.

பிளாக்கு தேனிக்குப் போய் லேத்தில் குடைபட்டு வந்தது. ராவுத்தர் கிராங்கை மாற்றினார், பம்பை வைத்தார், வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தார், லாரி பிஸ்டன்கள் ஆறையும் ஒவ்வொன்றாக எண்ணெயில் முக்கி இறக்கினார். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார்கள். புது இன்ஜின் மாதிரியே இருந்தது, உள்ளே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது வெளியே தெரியவில்லை. ஒச்சம்மா தலைக்குக் குளித்து, தவசியின் வெள்ளை வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அவன் வேட்டியைக் கிழித்திருந்தார்கள். கிழிந்த வேட்டியோடு அவன் நடுத்தெருவில் நிற்கக் கூடாது.

காலையில் ஓட ஆரம்பித்த இன்ஜின் ஒரு தட்டுத் தட்டவில்லை. சவாரி சவாரியாக வந்து இறங்கினார்கள். ஏலக்காய் வாசத்தோடு வந்தார்கள், பச்சைத் தேயிலை வாசத்தோடு வந்தார்கள், தாலி கட்டி ஒரு மணி நேரமே ஆன மாப்பிள்ளை ஒருவன் மாலையோடு வந்தான், தேர்தல் நோட்டீஸ் கட்டோடு ஒருவர் வந்தார், மலைக்காய்ச்சல் கண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள், பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். மொக்கச்சாமி தன் பழைய குரலில் எண்ணிக்கொண்டே இருந்தார். துணிகளின் சாயம் மாறிக்கொண்டே வந்தது, மீசைகள் மாறின, நைலான் சேலைகள் வந்தன, டிரான்சிஸ்டர் வந்தது, பிளாஸ்டிக் பைகள் வந்தன. உச்சிப் பொழுதில் தவசி செத்த வருஷத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு அவன் செத்த மாதத்து ஆட்கள். பிறகு யாரும் வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சம்மா வேட்டியோடு நின்றாள். வெயில் இறங்கியது.

"கடைசிச் சவாரி இன்னும் வரலையா சித்தப்பா?" என்று மொக்கச்சாமியைக் கேட்டாள்.

"வந்துருச்சு தாயி."

"எங்க? ஒருத்தரையும் காணமே."

மொக்கச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு வண்டிய ஓட்டுனது யாரு?"

"அவுகதான். நெஞ்சப் பெசையுதுங்கிறீகளே, ராவுத்தர் அண்ணனக் கூப்புடுறேன்னு கெஞ்சுனேன். எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்னாக. ஆஸ்பத்திரி வாசல்ல ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டுத்தான் சாஞ்சாக."

"அப்ப ஏறுன ஆளு எத்தன?"

அவள் வேட்டியின் மடிப்பை நீவினாள்.

"ஒண்ணு. அந்த ஒண்ணு செத்துப் போகல, வேட்டியக் கையில வச்சுக்கிட்டு எம்முன்னால நிக்கிது. ஆயுசு பூராம் இந்த ஸ்டாண்டுல ஆளு எண்ணியிருக்கேன். டிரைவர நாங்க என்னைக்குத் தாயி எண்ணியிருக்கோம்?"

பட்டறையிலிருந்து ராவுத்தர் சந்தோஷமாகக் கத்தினார்: "கேளு தங்கச்சி, தையல் மிசினு கணக்கா ஓடுதுல்ல!"

"அமத்திருங்கண்ணே" என்றாள் ஒச்சம்மா.

அன்றைக்கு வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். முன்னால் வந்தவர்களோடு சேர்த்து நூற்று அறுபத்தொன்று. இந்த முறை ஊரில் யாருக்கும் முகம் மலரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டவர்கள் நான்கு வீட்டார்தான், வீட்டுக்கு ஒருவர்; அந்த நான்கு பேரும் மலையைப் பார்த்தபடி அங்கேயே இருந்துவிட்டார்கள். மீதி நூற்று ஐம்பத்தேழு பேரும் ஸ்டாண்டில் நின்றார்கள். அவர்களுக்குத் தகரக்கூரை போட்டார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டன. பொழுது சாயும்போது நூற்று ஐம்பத்தேழு குரலும் ஒன்றாக, "வண்டி எப்ப?" என்று கேட்டன. அந்தச் சத்தம் ஒச்சம்மாவின் வீடு வரைக்கும் கேட்டது. சில நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ராவுத்தரிடம் வந்தாள்.

"இன்ஜினக் கார்ல ஏத்துங்கண்ணே. கொண்டுபோயி விட்டுருவோம்."

"மலையேத்துனா தாங்காதுன்னு சொன்னேனே."

"தாங்குற மட்டும் ஏத்துவோம். நாந்தான் கூப்புட்டேன், நாந்தான அனுப்பணும்."

ராவுத்தர் ஓட்டினார். ஒரு நடைக்கு ஏழு பேர். ஒச்சம்மா ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிவிட்டாள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, குளிர்காற்றுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ராவுத்தர் திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ரெங்கசாமியை அனுப்ப அவர் மகன் வந்தான். கார் திரும்பி மறைந்ததும் ஒரு பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்ப வைத்துக்கொண்டான்.

முதல் நடை கிளம்பும்போது ராவுத்தர், "நீயும் முன்னால ஏறிக்க தங்கச்சி, மேட்டுக் காத்து வாங்கிட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஏறினால் அதுவல்லவா அவளுடைய கடைசிச் சவாரி ஆகிவிடும்? இப்போது அவளுடைய கடைசிச் சவாரி தேனிக்குப் போனதுதான், தவசி ஓட்டியதுதான். என்றைக்காவது அவள் செத்து, யாராவது இந்த இன்ஜினை ஓட்டினால், அந்தச் சவாரியிலிருந்து அவள் வந்து இறங்குவாள். வண்டியைத் திருப்பிவிட்டு அவன் பின்னால் வருகிறான் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டு நிற்பாள். அந்த மட்டுக்குமாவது அவன் அருகில் இருப்பான். அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தொன்பது நடை போய் வந்தது. இருபதாவது நடையில், பாதி மலை ஏறியிருந்தபோது, பானை விரிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ராவுத்தர் இறங்கி எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீரோடு கலந்துவிட்டது. அந்த மெல்லிய சுவர் போய்விட்டது. காருக்குள் இருந்த ஏழு பேரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில், வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் காரைக் கீழே கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினார். ஒச்சம்மா கதவைத் திறந்துவிட்டாள். ஏழு பேரும் இறங்கினார்கள்.

விரிசலைப் பற்றவைத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. தேனிக்காரர் ஒருவர் விரிசல் நெடுக ஆணி இறக்கித் தையல் போட்டுப் பார்த்தார், தண்ணீர் ஊற்றியதும் அடுத்த இடத்தில் விட்டது. கோயமுத்தூரிலிருந்து அதே மாதிரி வேறொரு இன்ஜின் வந்தது, நன்றாக ஓடியது. ஏற்றிக்கொண்டு போனால் முந்தலிலேயே கார் காலியாகி, ஆட்கள் ஸ்டாண்டில் நின்றார்கள். விரிந்த பிளாக்கைப் பட்டறை மூலையில் போட்டார்கள். மழையில் அதன் சிலிண்டர்களில் தண்ணீர் நின்றது. அதன் பக்கம் ஒச்சம்மா போகவில்லை. இனி யார் செத்தாலும், அவளே செத்தாலும், அதை ஓட்டி ஒருவரையும் வரவழைக்க முடியாது.

அவள் இப்போது ஸ்டாண்டில்தான் இருக்கிறாள். போர்வைக்காரர்களுக்குப் போர்வையை இழுத்துவிடுகிறாள், பலாப்பழக் கிழவிக்கு முதுகை நீவிவிடுகிறாள். பொழுது சாய்ந்து அவர்கள் கேட்கும்போது, "இன்னைக்கி இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்கிறாள். மொக்கச்சாமி தினமும் எண்ணுகிறார். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மிச்சம் இருபத்துநான்கு பேர்.